ஸ்போர்ட்ஸ் காருக்குக் காயில்ஓவர் சஸ்பென்ஷன்: காரைத் தாழ்த்தும் முன் அறிய வேண்டியவை

குடுபல்லி: ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்கி நிற்கும் பகுதியில் உள்ளது சித்தூர் மாவட்டத்தின் குடுபல்லி. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்ட பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் பாதை இம்மாவட்டத்தின் வழியே செல்கிறது. பலமநேருக்கும் சித்தூருக்கும் இடையே மொகிலி மலைப்பாதையின் வளைவுகள் உள்ளன. கிராமச் சாலைகளிலோ குழிகளும் வேகத்தடைகளும் ஏராளம்.

ஒரே பயணத்தில் இவை அனைத்தையும் கடக்க வேண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் காயில்ஓவர் பொருத்த விரும்புவோர், காரை எவ்வளவு தாழ்த்தலாம் என்றே பெரும்பாலும் முதலில் கேட்கின்றனர். தாழ்த்திய பிறகு சக்கரம் மேலும் கீழும் அசைய எவ்வளவு இடம் எஞ்சும் என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. காரின் பிடிமானமும் பயணிப்போரின் பாதுகாப்பும் அதைச் சார்ந்தே அமைகின்றன.

காயில்ஓவர் என்பது என்ன?

ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த ஒரே தொகுப்பே காயில்ஓவர். அதன் உடலில் உள்ள மரையில் வளையத்தைத் திருகி, காரின் உயரத்தை மாற்றலாம். ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கி, டயரைச் சாலையோடு ஒட்டியிருக்கச் செய்வது ஷாக் அப்சார்பரின் பணி.

சந்தையில் கிடைப்பவை இரு வகை. முதல் வகையில் ஸ்பிரிங் அமரும் வளையத்தை இறக்கியே கார் தாழ்த்தப்படுகிறது. இதில் ஷாக் அப்சார்பர் உள்ளே அமிழ்வதற்கான இடம் குறைகிறது. இரண்டாவது வகையில் அடிப்பகுதித் தாங்கி தனியே நகரும். அசைவுக்கான இடத்தைப் பெருமளவு இழக்காமல் உயரத்தை மாற்றலாம். மேடு பள்ளமான சாலைகளுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. பில்ஸ்டீன், கேடபிள்யூ, ஓலின்ஸ், டெய்ன் போன்ற நிறுவனங்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. எனினும், நிறுவனத்தின் பெயரைவிட, அந்தக் கார் மாடலுக்கென்றே உருவாக்கப்பட்ட தொகுப்பா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

ஸ்பிரிங் தேர்வு: எளிய கணக்கு

ஸ்பிரிங்கின் விறைப்பு, ஒரு மி.மீ. அழுத்தத் தேவைப்படும் எடையைக் கொண்டு கிலோவில் குறிக்கப்படுகிறது. ஒரு ஸ்பிரிங் மீது 300 கிலோ எடை நிற்பதாகக் கொள்வோம். விறைப்பு 4 கிலோ எனில் ஸ்பிரிங் 75 மி.மீ. அமிழும், 8 கிலோ எனில் 37.5 மி.மீ. மட்டுமே அமிழும். முன்னழுத்தம் இல்லாத நிலையில், குழி வரும்போது ஸ்பிரிங் சக்கரத்தைக் கீழே தள்ளக்கூடிய அளவும் ஏறத்தாழ அவ்வளவே. மிக விறைப்பான ஸ்பிரிங் பொருத்திய கார் பந்தயத் தடத்தில் உறுதியாக நின்றாலும், கிராமச் சாலையில் துள்ளிப் பிடிமானத்தை இழப்பதற்கு இதுவே காரணம்.

வேகத்தடையும் தரை இடைவெளியும்

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வளைவான வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் தொலைவுள்ள கார் இதன் நடுவே நிற்கும்போது, நான்கு சக்கரங்களும் மேட்டின் மீதே இருக்கும். எனவே அடிப்பகுதிக்குச் சுமார் 5 செ.மீ. இடைவெளி இருந்தாலே மேடு தட்டாது. அதே உயரத்தில் குறுகலாகப் போடப்பட்ட தடையில் சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்பதால், முழு 10 செ.மீ. தேவைப்படும். ஸ்பிரிங் அமிழும் அளவு இதற்கு மேல். ஆகவே, அன்றாடம் செல்லும் வழியிலுள்ள மிக மோசமான தடையை அளந்த பின்னரே உயரத்தை முடிவு செய்வது நல்லது.

பல கார்களில் உள்ள மேக்பெர்சன் அமைப்பில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் கீழ்க்கரம் சக்கரத்தை நோக்கி மேலே சாய்ந்துவிடும். கார் சாயும் அச்சு, எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கும். இதனால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாத நிலையில், தாழ்ந்த கார் வளைவில் முன்பைவிட அதிகம் சாயக்கூடும்.

அமைக்கும் முறை

* முதலில் உயரத்தை அமைத்து, கார் சமதளத்தில் நிற்கும் நிலையிலேயே ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ்கள் முறுக்கப்பட்டு விரைவில் கிழியும்.
* ஓட்டுநரின் எடையையும் சேர்த்து நான்கு சக்கரங்களின் எடையைத் தனித்தனியே அளந்து, மூலைவிட்ட எடைகளைச் சமன் செய்ய வேண்டும்.
* அதன் பின்னரே வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் கேம்பர், டோ ஆகிய இரண்டும் மாறும். முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிபார்க்க வேண்டும்.
* ஷாக் அப்சார்பரின் கிளிக்குகளை நடுநிலையில் வைத்துத் தொடங்கலாம். ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரு முறைக்கு இரண்டு கிளிக் வீதம் மாற்றிக் குறித்து வைக்க வேண்டும்.
* சில நூறு கி.மீ. ஓடிய பின் உயரத்தையும் நட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் சோதிக்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் மரையில் படிந்த சேற்றை அகற்றாவிட்டால் வளையம் துருவேறி இறுகிவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டையும் விதிக்க வழி செய்கிறது. எனவே, வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்துவழித் தெளிவு பெறுவது அவசியம். கழற்றிய பழைய பாகங்களைப் பாதுகாத்து வைப்பதும் நன்று.

காரின் எல்லையைச் சோதிக்க விரும்புவோருக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் உள்ளன. எதிரே பேருந்தும் லாரியும் வரும் மலைப்பாதை அத்தகைய சோதனைக்கான இடமல்ல.