பழைய மின்கிட்டாருக்கு விலை பேசும் முன்

கண்டி நகரை அண்டியுள்ள அம்பிட்டிய, 1893ஆம் ஆண்டு பாப்பரசரின் குருமடம் நிறுவப்பட்ட இடமாகும். அக்குருமடம் 1955இல் இந்தியாவின் பூனே நகருக்கு மாற்றப்பட்ட பின்னர், அவ்விடத்தில் தேசிய குருமடம் இயங்கி வருகின்றது. தேவாலயப் பாடகர் குழுக்கள், பாடசாலை இசைக்குழுக்கள், தோட்டத்துரைமாரின் கழகங்கள் என மேலைத்தேய வாத்தியங்கள் கண்டிச் சுற்றாடலுக்கு வந்து சேரப் பல வழிகள் இருந்தன. ஹப்புத்தளையில் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்தன 1960களில் சிங்கள மெல்லிசையில் மின்கிட்டாரைப் பரவலாக்கினார். அதே காலப்பகுதியில் தமிழிலும் பொப்பிசை தலையெடுத்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பெயர்களை அறியாத வீடுகள் அன்று குறைவு.

அக்கால இளைஞர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டனர். அவர்கள் வாசித்த வாத்தியங்கள் அலுமாரியின் மேலோ கட்டிலின் கீழோ கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றில் நாட்டமில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், மருந்துச் செலவுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வீட்டுப் பொருட்களை விற்க நேர்ந்த குடும்பங்கள் பல. அத்தகைய வேளையில், வாசலுக்கு வரும் பழம்பொருள் வியாபாரி சொல்லும் விலையே விலையாகி விடுகின்றது. தம்மிடமுள்ள பொருள் இன்னதென்று விற்பவர் அறியாமலிருப்பதே இவ்வியாபாரத்தின் இலாபம் என்றால் அது மிகையாகாது.

இதற்கு ஓர் உதாரணத்தைக் கூறலாம். பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜோன் லெனன் 1962இல் லிவர்பூல் நகரில் வாங்கிய கிப்சன் கிட்டாரொன்று, 1963இன் இறுதியில் காணாமற் போனது. மின்னொலி வாங்கி பொருத்தப்பட்ட அக்கிட்டாரை, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சன் டியேகோ நகரில் ஒருவர் முந்நூறு டொலருக்கும் குறைந்த விலையில் வாங்கினார். அது எவருடையது என்பதை அறியாமலேயே நாற்பது வருடங்கள் வாசித்து வந்தார். 2008இல் சஞ்சிகையொன்றில் வெளியான படம் அவருக்குச் சந்தேகத்தைத் தந்தது. தொடரிலக்கமும் மரத்தின் இழையோட்டமும் ஒப்பிடப்பட்டு உண்மை உறுதியானது. 2015 நவம்பரில் அது 24 இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகைக்கு ஏலம் போனது. இடைப்பட்ட காலத்தில் அவர் அதற்குப் புதிதாக வர்ணம் பூசியிருந்தாலோ, இலக்கத்தைச் சுரண்டியிருந்தாலோ கதை வேறாகியிருக்கும்.

எனினும் பழைய கிட்டார் யாவும் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று எவரும் மயங்கிவிடலாகாது. சந்தையில் பெரிதும் நாடப்படுபவை அமெரிக்காவின் ஃபெண்டர், கிப்சன் ஆகிய நிறுவனங்கள் 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் தயாரித்தவையே. 1965இல் ஃபெண்டர் நிறுவனம் சீ.பீ.எஸ். என்னும் பெரும் கம்பனிக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்குச் சேகரிப்போர் கொடுக்கும் விலை வேறு, பின் செய்யப்பட்டவற்றுக்குக் கொடுக்கும் விலை வேறு. பிரித்தானியாவிலேயே 1959 வரை அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்வதற்குத் தடை இருந்தது. எமது நாட்டில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் எத்தகையன என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகையால் இங்குள்ள வீடுகளில் ஜேர்மன், பிரித்தானிய, ஜப்பானியத் தயாரிப்புகளையே கூடுதலாக எதிர்பார்க்கலாம். அவற்றிலும் சிலவற்றைத் தேடி வாங்குவோர் உலகெங்கும் உள்ளனர்.

அவ்வாறாயின் ஒரு கிட்டாரின் வயதை எவ்வாறு அறிவது? தொடரிலக்கம் முதற்படி மாத்திரமே. அது உடலும் கழுத்தும் இணையுமிடத்திலுள்ள உலோகத் தகட்டிலோ, தலைப்பகுதியின் பின்புறத்திலோ இருக்கும். ஆனால் தகடுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படக் கூடியவை. இதைவிட நம்பத்தகுந்த சாட்சி உள்ளே இருக்கின்றது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குக் கீழுள்ள சிறு பாகத்தில் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கத் தயாரிப்பாயின் முதல் மூன்று இலக்கங்கள் அப்பாகத்தைச் செய்த கம்பனியையும், அடுத்தவை ஆண்டையும், இறுதி இரண்டும் அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். 3046412 என்றிருந்தால், அது 1964ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்யப்பட்ட பாகமாகும். கிட்டார் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. கம்பிகளைப் பிணைக்கும் ஈயப்பற்று எப்போதாவது உருக்கி மீள ஒட்டப்பட்டுள்ளதா என்பதையும் அனுபவசாலிகள் கவனிப்பர். இவற்றைப் பார்ப்பதற்காக வீட்டிலுள்ளோர் தாமே திருகாணியைக் கையிலெடுப்பது உசிதமன்று. அனுபவமுள்ள ஒருவர் திறக்கும்போது படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

மலைநாட்டு ஈரலிப்பில் கம்பிகள் துருப்பிடிக்கும், பூஞ்சணம் படரும். அதைக் கண்டதும் எமது மக்கள் செய்யும் முதற்காரியம், மண்ணெண்ணெயால் துடைப்பது அல்லது தளபாடப் பட்டறையில் கொடுத்து வார்னிஷ் பூசுவிப்பதாகும். இதுவே மிகப் பெரிய நட்டம். அக்கால மேற்பூச்சு பெரும்பாலும் நைட்ரோ செலுலோஸ் அரக்காகும். அது காலப்போக்கில் மஞ்சளித்து நுண்ணிய வெடிப்புகள் விடும். அந்த வெடிப்புகளைத்தான் வாங்குபவர் தேடுகின்றார். மீளப் பூசப்பட்ட கிட்டாரின் விலையைப் பாதியளவுக்குக் குறைத்து மதிப்பிடுவது இத்துறையினரின் வழமை. உலர்ந்த மென்துணியால் துடைத்து, கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, பழைய பெட்டியிலேயே வைத்திருப்பது போதுமானது. உடைந்த குமிழையும் கழற்றிய திருகாணியையும் கூட வீசிவிடலாகாது.

பொருளில் குறை இருப்பின் அதை வாங்குபவருக்குச் சொல்லியே விற்கவேண்டும் என்பது இஸ்லாமிய வணிக நெறியில் வலியுறுத்தப்படுவது. மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பும் உரிமையும் அதிலுண்டு. பழைய கிட்டார்ச் சந்தையின் நடைமுறையும் இதுதான். ஒட்டப்பட்ட கழுத்தையும் மாற்றப்பட்ட பாகத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பவரை வெளிநாட்டு வியாபாரி நம்புகின்றார்.

பொருளின் பழைமை ஒன்றே விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு எம்மைத் தொட்ட சம்பவமொன்று உண்டு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் இலங்கையில் மாத்திரம் 30,000 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட ஆசிய நாடுகளுக்கு நிதி திரட்டும் பொருட்டு, பிரையன் அடம்ஸின் முயற்சியில் ஒரு ஃபெண்டர் கிட்டாரில் மிக் ஜாகர், எரிக் கிளப்டன், போல் மக்கார்ட்னி முதலானோர் கையொப்பமிட்டனர். கட்டார் அரச குடும்பம் அதைப் பத்து இலட்சம் டொலருக்கு வாங்கி, திரும்பவும் நன்கொடையாக அளித்தது. 2005 நவம்பர் 17ஆம் திகதி டோஹாவில் அது மீண்டும் ஏலமிடப்பட்டு 27 இலட்சம் டொலரைப் பெற்றது. அதன் பெறுமதி முழுவதும் மரத்தில் இல்லை, மையில் இருந்தது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. 1960களின் நடுப்பகுதி வரையான அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றில் விரல் பதியும் பலகை பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தாலானது. பின்னரே எமது அயலிலுள்ள தென்னிந்திய ஈட்டி அதனிடத்தைப் பிடித்தது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ், பிரேசில் ஈட்டி 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. 2019இல் ஏனைய ஈட்டி வகைகளால் செய்து முடிக்கப்பட்ட வாத்தியங்களுக்குச் சலுகை வழங்கப்பட்டபோதும் அம்மரத்துக்கு அது கிடைக்கவில்லை. பெரிய நிறுவனங்களும் இவ்விடயத்தில் தப்பவில்லை. மடகஸ்கார் கருங்காலியை இறக்குமதி செய்தமை தொடர்பில் கிப்சன் நிறுவனம் 2012இல் அமெரிக்க அரசுக்கு 3 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. எனவே அம்பிட்டியவிலிருந்து இத்தகைய கிட்டாரொன்றை வெளிநாட்டுக்கு அனுப்புபவர், சைட்டிஸ் அனுமதிகளுக்குப் பொறுப்பான வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை முதலில் நாடவேண்டும். இல்லையேல் பணம் கைக்கு வந்த பின்னரும் பொருள் ஏதாவதொரு சுங்கச் சாவடியில் முடங்கிவிடலாம்.

விற்பதற்கு முன் வீட்டிலுள்ள பழைய அல்பங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். கலியாண வீட்டு மேடையில் அப்பாவோ பெரியப்பாவோ அதே கிட்டாருடன் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படமும், அதன் பின்புறத்தில் பேனாவால் குறிக்கப்பட்ட ஆண்டும், கடைக்காரர் கொடுத்த மங்கிய பற்றுச்சீட்டும் அந்த வாத்தியத்துடன் சேர்த்து விலைபேசப்பட வேண்டியவையாகும்.