முதலில் காசைப் பேசினார்கள்

“இது ஆர்-22 கேஸ் சார். விலை ஏறிட்டே போகுது. அடுத்து வாங்குறப்ப ஆர்-32 மெஷினா பாத்து வாங்கிடுங்க.”

சித்திரை வெயிலில் மொட்டை மாடி ஏறி, ஏசி யூனிட்டில் கேஜ் மாட்டியபடி மெக்கானிக்குகள் சொல்லும் வழக்கமான யோசனை இது. அந்த யோசனையின் வேர், ஓசோனை அரிக்கும் வாயுக்களை ஒழிக்க 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவில் கையெழுத்தான மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அதற்கு முன் ஃபிரிட்ஜ்களில் ஓடியது ஆர்-12. குளோரோஃப்ளூரோகார்பன் (சி.எஃப்.சி) வகை வாயு, தீப்பிடிக்காது, நஞ்சும் இல்லை. ஆனால் அது வானுயரம் போய் ஓசோனை அரிக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியலாளர்கள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் ஹேலி ஆய்வு நிலையத்தில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு, அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் சரிவதை ஜோசஃப் ஃபார்மன் குழு வெளியிட்டது. உலகத்து ஓசோன் மொத்தத்தையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் வரும். அந்த மெல்லிய போர்வை கிழிகிறது என்றதும் நாடுகள் பதறின.

பதறினாலும் எல்லோரும் உடனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. இந்தியாவும் சீனாவும் விலகி நின்றன. காற்றைக் கெடுத்தது பணக்கார நாடுகள். வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வரத் தொடங்கும் நேரத்தில் எங்களை ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. 1990-ல் லண்டனில் நடந்த கூட்டத்தில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இந்தியாவுக்காக வாதாடினார். அங்கே உருவானதுதான் பலதரப்பு நிதியம். முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 24 கோடி. 1991-ல் சீனா சேர்ந்தது, 1992-ல் இந்தியா.

இந்த நிதியத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிர்வாகக் குழுவில் 14 இடங்கள்: கொடுப்பவர்களுக்கு 7, பெறுபவர்களுக்கு 7. ஒரு தொழிற்சாலை பழைய வாயுவை விட்டுப் புதியதுக்கு மாற எவ்வளவு கூடுதலாகச் செலவாகும் என்று கணக்குப் பார்த்து, அந்தக் கூடுதலைக் கொடுப்பார்கள். வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசமும் உண்டு. ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்த வாயுக்களை வாங்கல் விற்றல் கூடாது என்ற கெடுபிடியும் உண்டு. கையில் காசு, காலில் கயிறு இரண்டும் இருந்ததால்தான் 2009-ல் ஐ.நா. உறுப்பு நாடுகள் அத்தனையும் உள்ளே வந்துவிட்டன.

ஏமாற்று வேலையும் நடக்காமல் இல்லை. ஒழிந்ததாக நினைத்த சி.எஃப்.சி-11 காற்றில் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 2018-ல் தெரிந்தது. கொரியா, ஜப்பான் தீவுகளில் இருந்த அளவீட்டு நிலையங்கள் மோப்பம் பிடித்தன. கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களைக் காட்டின. விஷயம் வெளியே வந்தபின் அந்தக் கசிவு சரிந்தது. இதே போக்கில் போனால் அண்டார்டிகா ஓசோன் 2066 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. மதிப்பீடு.

பருவநிலைப் பேச்சு இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் கொடுத்த வாக்கு, 2022-ல்தான் நிறைவேறியது. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று 2024-ல் பாகூ பருவநிலை மாநாட்டில் முடிவானதை, போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்த்தது. நிலக்கரியையும் பெட்ரோலையும் விடுவது, சில கம்பெனிகள் மட்டும் தயாரித்த ஒரு வாயுவை விடுவது போலச் சுலபமில்லை என்பது உண்மை. ஆனால் செலவு யாருடையது என்பதை முடிக்காமல், குறைக்கும் தேதியை மட்டும் பேசினால் எந்த ஒப்பந்தமும் நகராது.

நம் மாடிக்கே திரும்புவோம். ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமாகப் பூமி சூடேறும். பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மெக்கானிக் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். லண்டனில் முடிவானதும் அதுதான்.