மானியம் இலவசப் பணமல்ல

"வட்டியில்லாமல் பணம் கிடைக்குமாமே, தொழில் தொடங்கலாமா?" என்று சகோதரர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். மானியம் கடனல்ல, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால், தனிநபரின் இலாபத்துக்காக அது தரப்படுவது குறைவு.

பூகோள சுற்றாடல் நிதியத்தின் சிறு மானியத் திட்டத்தைப் பாருங்கள். 1992இல் ஆரம்பமான இத்திட்டம், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக இலங்கையிலும் செயற்பட்டு வந்துள்ளது. காடு, கண்டல், நீர் பாதுகாப்பு போன்ற வேலைகளுக்கு 50,000 டொலர் வரை வழங்கியிருக்கிறது. பெறுவோர் கிராமச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களுமே. சங்கமும் தன் பங்காக உழைப்போ பொருளோ இட வேண்டும். பணம் தவணை தவணையாகவே வரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நான் பொருளாளராக இருந்த சங்கமொன்றுக்கு வேறோர் இடத்திலிருந்து கிடைத்த மானியத்தின் இரண்டாம் தவணை வரவேயில்லை. யாரும் ஒரு சதமும் எடுக்கவில்லை; பற்றுச்சீட்டுகளை நான் சேர்த்து வைக்கவில்லை, அவ்வளவுதான். மழைநீர்த் தாங்கி பாதியில் நின்றது.

ஆகவே, விண்ணப்பிக்கும் முன் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறவுங்கள். ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் கோவைப்படுத்துங்கள். மானியம் ஓர் அமானிதம். அதற்குக் கணக்கு இங்கும் உண்டு, மறுமையிலும் உண்டு.