விமானக் கம்பெனி நின்றுவிட்டால் உங்கள் இ-டிக்கெட் என்ன ஆகும்?

இ-டிக்கெட் கையில் இருக்கிறது. பணமும் கட்டியாகிவிட்டது. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது விமானக் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? இது அபூர்வமாக நடக்கும் விஷயம் அல்ல. 2012 அக்டோபரில் கிங்பிஷர், 2019 ஏப்ரல் 17ல் ஜெட் ஏர்வேஸ், 2023 மே 3ல் கோ பர்ஸ்ட் என பெரிய கம்பெனிகளே நின்றுள்ளன. நம் தமிழகத்தின் பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005ல் தொடங்கி 2010ல் நின்றது. கோவையின் ஏர் கார்னிவல் 2016ல் தொடங்கி அடுத்த ஆண்டே நின்றது.

எங்கள் ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர் கடன் வாங்கித்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். விசா தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலையும் போய்விடும். ஆகவே இந்த நிலை வந்தால் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து என்னென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இ-டிக்கெட் என்பது என்ன?

2008 ஜூன் 1 முதல் உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. காகித டிக்கெட் முறையைக் கைவிட்டது. இன்று டிக்கெட் என்பது ஒரு சர்வரில் உள்ள டேட்டாபேஸ் பதிவு மட்டுமே. நீங்கள் எடுக்கும் பிரிண்ட் அவுட் அதன் நகல்.

அந்த நகலில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த பி.என்.ஆர். உங்கள் இட ஒதுக்கீட்டைக் குறிக்கிறது. பல கம்பெனிகள் இதோடு 13 இலக்க டிக்கெட் எண்ணும் தரும். அது பணம் செலுத்தியதற்கான பதிவு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் கம்பெனியைக் காட்டும். ஏர் இந்தியாவுக்கு 098. ஜெட் ஏர்வேஸுக்கு 589 இருந்தது.

கம்பெனி நின்றுவிட்டால் இந்தப் பதிவை இன்னொரு கம்பெனியின் கவுண்டர் ஏற்காது. இரு கம்பெனிகளுக்கும் இடையே ஒப்பந்தம் இருந்தால்தான் அதற்கு வழி உண்டு. குறைந்த கட்டணக் கம்பெனிகள் பலவற்றில் அப்படி ஒப்பந்தம் இருப்பதில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில்

பதிவு இருப்பது அவர்கள் சர்வரில். கம்பெனி முடங்கினால் இணைய தளமும் எந்த நேரமும் முடங்கலாம். எனவே செய்தி கேட்டதும் முதல் வேலை பேக்கப்தான்.

1. தளத்தில் லாக்-இன் செய்து டிக்கெட், ரசீது பக்கங்களைத் திறங்கள். கண்ட்ரோல் + பி அழுத்தி, பிரிண்டருக்குப் பதில் பி.டி.எப். பைலாக சேவ் செய்யுங்கள்.

2. விமானம் ரத்து என்று வந்த இ-மெயில், எஸ்.எம்.எஸ். ஆகியவற்றைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

3. பணம் போனதைக் காட்டும் பேங்க் அல்லது கார்டு ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் செய்யுங்கள்.

4. எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு காப்பி வைத்து, உங்களுக்கே ஒரு மெயிலும் அனுப்பிக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு நீங்களே 'கேன்சல்' பட்டனை அழுத்த வேண்டாம். பயணி தானாக ரத்து செய்ததாகப் பதிவாகிவிடும். பணத்துக்குப் பதில் வவுச்சர் தருவதாகச் சொன்னாலும் யோசியுங்கள். நின்றுபோன கம்பெனியின் வவுச்சரை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

பணம் திரும்ப வருமா?

நீங்கள் எப்படிப் பணம் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது இது.

கிரெடிட் அல்லது டெபிட் கார்டு என்றால் உங்கள் பேங்குக்கு எழுதி 'சார்ஜ்பேக்' கேளுங்கள். காசு வாங்கியவர் சேவை தரவில்லை என்பதால் பணத்தைத் திருப்பக் கேட்கும் முறை இது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கு பொதுவாக 120 நாள் கெடு உண்டு. தள்ளிப்போட வேண்டாம். பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம்.

ஏஜென்ட் தன் கார்டில் டிக்கெட் போட்டிருந்தால் சார்ஜ்பேக் கேட்கும் உரிமை கார்டின் சொந்தக்காரருக்குத்தான். அவரைக் கேட்கச் செய்யுங்கள். நீங்கள் அவரிடம் பணம் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். யு.பி.ஐ., நெட் பேங்கிங்கில் கார்டு அளவுக்கு இந்த வழி எளிதல்ல.

கம்பெனியிடமே வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? கோ பர்ஸ்ட் 2023 மே 2ல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு கொடுத்தது. மே 10ல் மனு ஏற்கப்பட்டது. அப்படி ஏற்கப்பட்டதும் பழைய பாக்கிகளை வசூலிக்கத் தடை வந்துவிடும். தீர்ப்பாயம் நியமிக்கும் அதிகாரியிடம், அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள், ஆதாரங்களுடன் கோரிக்கைப் படிவம் தர வேண்டும். வரிசையில் பேங்குகளும் ஊழியர்களும் முன்னால் நிற்பார்கள். 2019ல் நின்ற ஜெட் ஏர்வேஸின் சொத்துகளை விற்றுக் கலைக்கச் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது 2024 நவம்பர் 7ல்தான். கோ பர்ஸ்டுக்கு அந்த உத்தரவு 2025 ஜனவரியில் வந்தது. ஆக, படிவத்தையும் கொடுங்கள். ஆனால் முதலில் கார்டு வழியை முயலுங்கள். இரண்டிலும் பணம் வந்தால் ஒன்றைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

போலிகள் ஜாக்கிரதை

இது போன்ற நேரத்தில் சர்ச் என்ஜினில் போலி 'கஸ்டமர் கேர்' எண்கள் முளைக்கும். 'ரீபண்ட் அனுப்புகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள், இந்த சாப்ட்வேரைப் போடுங்கள்' என்பார்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். நியாயமான புகார்களுக்கு மத்திய அரசின் ஏர்சேவா தளமும், 1915 நுகர்வோர் உதவி எண்ணும் உள்ளன.

பயணத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஒரு கம்பெனி நின்ற அன்றே மற்ற கம்பெனிகளின் கட்டணம் ஏறத் தொடங்கும். தேடும்போது சென்னையோடு நிற்காமல் திருச்சி, பெங்களூரையும் போட்டுப் பாருங்கள். திண்டிவனத்தில் இருப்பவர்களுக்குத் திருச்சி எட்டாத ஊர் அல்ல. வேலை தரும் கம்பெனிக்கு ரத்து அறிவிப்பை இணைத்து அன்றே மெயில் அனுப்பி, விசா தேதியை நீட்டிக்கக் கேளுங்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவு முடியும். விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புகின்றன. அதைத் திரட்டிக் காட்டும் பிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களின் விவரம் இலவசமாகக் கிடைக்கும். தினமும் பறக்க வேண்டியது அடிக்கடி ரத்தாகியிருந்தால் உஷாராகிவிடுங்கள். நூற்றுக்கும் மேல் விமானங்கள் வைத்திருந்த ஜெட் ஏர்வேஸ், நிற்பதற்கு முன் சில மாதங்களில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விஷயம் போதும். முடிந்தவரை உங்கள் சொந்த கார்டில் பணம் கட்டுங்கள். மாறிப்போகும் பயணம் என்றால் இரண்டு விமானங்களையும் ஒரே பி.என்.ஆரில் வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் ரத்தானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. அந்தப் பணமும் சேர்ந்து போகும்.