பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும்போது பெற்றோரின் உரிமைகள்

கருவுற்று 37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. குறைமாதக் குழந்தைகளில் பலருக்கும், பிறந்ததும் அழாத, மூச்சுத் திணறும், கிருமித்தொற்றுக்கு ஆளான குழந்தைகளுக்கும் சிறப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது. இந்தியாவில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு.

2011 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், போய்வர வண்டி எல்லாமே இலவசம். முதலில் 30 நாள் வரை என்றிருந்த இச்சலுகை பின்னர் ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. இவற்றுக்கு யாரேனும் பணம் கேட்டால் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் புகார் தரலாம்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றும் நேரம் ஆபத்தானது. வழியில் உடல் குளிர்ந்துபோவதும் ரத்தச் சர்க்கரை குறைவதும் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். தமிழ்நாட்டில் 108 சேவையில் இன்குபேட்டர் பொருத்திய பச்சிளங்குழந்தை ஆம்புலன்ஸ்கள் இயங்குகின்றன. கிளம்புமுன் சேரவேண்டிய மருத்துவமனையில் படுக்கை இருப்பதை உறுதிசெய்யுமாறும், பிரசவ விவரங்களோடு பரிந்துரைக் கடிதம் தருமாறும் கேட்பது குடும்பத்தின் உரிமை.

தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் மாறவில்லை. அது மாறியே ஆகவேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பெற்றோர் உள்ளே வந்து குழந்தையைப் பராமரிப்பதற்கான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வெளியிட்டுவிட்டது. குழந்தையை வெற்று மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பைப் பிறந்தவுடனே தொடங்கலாம் என 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தாய் படுக்கையில் இருந்தால் தந்தையோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம். குழந்தைக்குச் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாதபோது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் பால் சுரப்பு குறைந்துவிடும். அப்படியும் போதாவிட்டால், பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றிலுள்ள தாய்ப்பால் வங்கியை நாடலாம். குடல் அழுகல் நோய் வரும் வாய்ப்பு, பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகம்.

வேலைக்குச் செல்லும் தாய்க்குச் சட்டப்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. குறைமாதப் பிரசவத்தால் தாயின் உடல்நலம் குன்றினால், சான்று காட்டி மேலும் ஒரு மாதம் பெறலாம். தனியார் மருத்துவமனையில் சேர்ப்போர், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சிகிச்சைப் பதிவேடுகளின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் பெற்ற சிகிச்சையில் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

வீடு திரும்பும் மகிழ்ச்சியில் பெரிதும் விட்டுப்போவது கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்கும் குறைவான எடையுள்ள குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். வெளியே பார்த்தால் கண் தெளிவாகவே தெரியும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையாலோ ஊசியாலோ பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம்; சில வாரம் தாமதித்தால் நிரந்தரமாகவே போய்விடும். பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே தேவை. கண்ணுக்கும் காதுக்கும் பரிசோதனைத் தேதியை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்காமல் எந்தப் பெற்றோரும் மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டாம்.