துடுப்பு பிடித்த கையில் ஒலிம்பிக் நிர்வாகம்

புது தில்லி: விளையாட்டுச் சம்மேளனங்களின் செயற்குழுவில் சாதனை படைத்த வீரர்கள் குறைந்தது 2 பேர் இடம்பெற வேண்டும் என்று தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் கூறுகிறது. இதற்கான மசோதா 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மக்களவையில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கிடையே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. வீரர்களுக்கு விளையாடத் தெரியும், நிர்வாகம் தெரியுமா என்ற பழைய கேள்வி இத்துடன் மீண்டும் எழுந்திருக்கிறது.

அக்கேள்விக்கு விடை தேடுவோர் பிரான்ஸின் டோனி எஸ்தாங்கே கடந்து வந்த பாதையைப் பார்க்கலாம். 2024-ஆம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக் போட்டியை நடத்திய அமைப்புக் குழுவின் தலைவர் அவர். அமைச்சராகவோ, நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருந்தவர் அல்லர். கொந்தளிக்கும் நீரில் மண்டியிட்டுத் துடுப்பு போட்டவர்.

எஸ்தாங்கே 1978-ஆம் ஆண்டு பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள போ என்ற நகரில் பிறந்தார். தந்தையும் துடுப்புப் படகு வீரர். அண்ணன் பத்ரீஸும் அப்படியே. கேனோ ஸ்லாலம் எனப்படும் இவ்விளையாட்டு நம் நாட்டவருக்கு அதிகம் பழக்கமில்லாதது. சுழித்தோடும் நீருக்கு மேலே கம்பங்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். பச்சைக் கம்பங்களிடையே நீரோட்டத்துடன் செல்ல வேண்டும். சிவப்புக் கம்பங்களை நீரோட்டத்தை எதிர்த்துக் கடக்க வேண்டும். கம்பத்தின் மீது உடலோ, படகோ, துடுப்போ உரசினால் 2 விநாடி அபராதம். ஒரு வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி. அத்துடன் பதக்க நம்பிக்கை போய்விடும்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பத்ரீஸ் வெண்கலம் வென்றார். அடுத்து வந்த சிட்னி ஒலிம்பிக்கில் ஒற்றையர் கேனோ பிரிவில் பிரான்ஸுக்கு ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்துக்கு அண்ணனும் தம்பியும் மோதினர். தம்பி வென்றார், 2000-இல் சிட்னி சென்று தங்கத்துடன் திரும்பினார். வேறு குடும்பமாக இருந்தால் அதோடு பேச்சுவார்த்தையே நின்றிருக்கக்கூடும். இங்கோ, பிற்காலத்தில் தம்பியின் பயிற்சியாளராகவே பத்ரீஸ் பொறுப்பேற்றார்.

எஸ்தாங்கேவின் விளையாட்டு வாழ்க்கையை ஸ்லோவாகியாவின் மிகால் மார்டிகானைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1996-இல் 17 வயதிலேயே தங்கம் வென்று, தனி நாடாகியிருந்த ஸ்லோவாகியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தேடித் தந்தவர் மார்டிகான். சிட்னியில் அவருக்கு வெள்ளி. 2004 ஏதென்ஸில் முதலில் அவரே வென்றதாகத் தோன்றியது. கம்பத்தைத் தொட்டதாக நடுவர்கள் 2 விநாடியைச் சேர்த்ததும் முடிவு தலைகீழானது. 0.12 விநாடி வித்தியாசத்தில் எஸ்தாங்கேவுக்கு இரண்டாவது தங்கம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பிரான்ஸின் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் எஸ்தாங்கே. ஆனால் அரையிறுதிச் சுற்றிலேயே வெளியேறினார். தங்கம் மார்டிகானுக்குச் சென்றது. நான்காண்டுகள் கழித்து லண்டனில், 34-ஆவது வயதில், எஸ்தாங்கே மூன்றாவது தங்கத்தை வென்றார். மார்டிகானுக்கு வெண்கலம். 2006, 2009, 2010-ஆம் ஆண்டுகளில் தனிநபர் பிரிவில் உலக சாம்பியன் பட்டமும் எஸ்தாங்கேவுடையதே.

லண்டனில் அவர் வேறொரு போட்டியிலும் களமிறங்கினார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் வீரர்கள் ஆணையத்துக்கு வீரர்களே வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது. பிரசார விதிகளை மீறியதாக ஜப்பான், தைவான் வேட்பாளர்கள் இருவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதால் எஸ்தாங்கேவுக்கு இடம் கிடைத்தது. விவகாரம் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை சென்று, 2013-இல்தான் அவர் கமிட்டி உறுப்பினரானார். அதே தேர்தலில் தேர்வான ஜிம்பாப்வே நீச்சல் வீராங்கனை கிறிஸ்டி கோவென்ட்ரி, 2025-இல் கமிட்டியின் தலைவராகவே பொறுப்பேற்றார். வீரர்களின் வாக்குச் சீட்டு எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

பாரீஸுக்கு ஒலிம்பிக்கைப் பெற்றுத்தரும் முயற்சியின் இணைத் தலைவராக இருந்த எஸ்தாங்கே, 2017 செப்டம்பரில் லிமா நகரில் அது கைகூடியதும், 2018-இல் அமைப்புக் குழுத் தலைவரானார். இடையில் விளையாட்டு மேலாண்மையில் முதுநிலைப் படிப்பையும் முடித்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள அரங்குகளும் தற்காலிக அரங்குகளுமே பயன்படுத்தப்பட்டன. தொடக்க விழா அரங்கைவிட்டு வெளியேறி சென் நதிக்கு வந்தது. நதியைத் தூய்மைப்படுத்த ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவிடப்பட்டது. போட்டிக்குச் சில நாள்கள் முன்பு பாரீஸ் மேயருடன் எஸ்தாங்கேவும் அதில் நீந்திக் காட்டினார். அப்படியும் நீரின் தரம் சரியில்லை என ஆடவர் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது. யமுனைக் கரையில் வசிக்கும் தில்லிவாசிகளுக்கு இதில் பொதிந்துள்ள சங்கடம் புரியும்.

அவர் மீது குறைகள் எழாமலும் இல்லை. அமைப்புக் குழுத் தலைவராக ஆண்டுக்கு 2,70,000 யூரோ பெற்ற விதம் குறித்து 2024 பிப்ரவரியில் பிரான்ஸின் நிதிக் குற்றங்களுக்கான அரசு வழக்குத் தொடுப்புப் பிரிவு முதல்நிலை விசாரணையைத் தொடங்கியது. வீரர் என்பதாலேயே ஒருவர் கேள்விக்கு அப்பாற்பட்டவராகிவிடுவதில்லை. கேள்வி கேட்கும் அமைப்பு அங்கே போட்டிக்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

தில்லியின் அனுபவம் வேறு. 2010 காமன்வெல்த் போட்டியின் அமைப்புக் குழுத் தலைவராக இருந்த சுரேஷ் கல்மாதி அப்போது மக்களவை உறுப்பினர். இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரும் அவரே. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது போட்டி முடிந்து 10 மாதங்கள் ஓடிவிட்டன. கல்மாதி நியமனத்தையே அது குறை கூறியது; அவை நாள்கணக்கில் முடங்கியது. அவ்விவகாரம் தொடர்பான பணமோசடி வழக்கை முடித்துக்கொள்ள அமலாக்கத் துறை அளித்த அறிக்கையை 2025 ஏப்ரலில்தான் தில்லி நீதிமன்றம் ஏற்றது.

2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாதுக்கு என 2025 நவம்பரில் முடிவாகியுள்ளது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா விருப்பக் கடிதம் அளித்துள்ளது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக 2022 டிசம்பரில் பி.டி. உஷா தேர்வானது மாற்றத்தின் அடையாளமாகப் பேசப்பட்டது. எனினும் அதற்கு 5 மாதங்களுக்கு முன்பே அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினராகியிருந்தார். வீரருக்கும் அரசியலுக்கும் இடையிலான கோடு இங்கே அவ்வளவு மெல்லியது.

துடுப்புப் படகுப் போட்டியையே எடுத்துக்கொண்டால், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கிடைத்த வெண்கலத்துக்குப் பிறகு, அடுத்த வெண்கலத்துக்கு 2023 அக்டோபர் வரை இந்தியா காத்திருந்தது. ஹாங்ஜெள நகரில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங்கும் அதை வென்றனர். இரண்டுமே அமைதியான நீரில் நடக்கும் பிரிவில் கிடைத்தவை. ஸ்லாலத்துக்கோ, மத்தியப் பிரதேசத்தில் மகேஷ்வர் அருகே நர்மதை பாறைகளிடையே பிரிந்தோடும் சகஸ்ரதாரா இருக்கிறது. 2023-இல் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அங்கே ஸ்லாலம் நடத்தப்பட்டது. அங்கே துடுப்பு பிடித்த இளைஞர்கள், புதிய சட்டம் ஒதுக்கியுள்ள செயற்குழு இடங்களுக்கு உரிமை கோரும் வயதை 2036-க்குள் எட்டியிருப்பார்கள்.