படகு மோட்டாருக்கு பிரேக் ஒயர் உதவாது

வளையமாதேவியில் கடல் இல்லை. ஆயினும் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டும் வெள்ளாற்றுத் தண்ணீர் பரங்கிப்பேட்டையில்தான் கடலில் கலக்கிறது. தண்ணீர் போகும் திசையில் சரக்கும் போகும். 2023 ஜூலை 26 அன்று மேல்வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கியதை நம்மில் யாரும் மறந்துவிடவில்லை. விளைநிலம் குறையும் ஊரில் விதை, உரம், மண்வெட்டி வியாபாரம் பழைய அளவில் நிற்காது. வேறு சரக்கு, வேறு சந்தை என்று தேடும் நிலையில், கிள்ளை, முடசலோடை, பரங்கிப்பேட்டைப் பக்கத்துத் தேவைகளையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப்பட்ட ஒரு சரக்கு, படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கான கண்ட்ரோல் கேபிள்.

அவுட்போர்டு மோட்டாரை அமெரிக்காவில் 1909இல் வியாபாரமாக நடத்திக் காட்டியவர், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட். ஏரியில் துடுப்பு வலித்து ஐஸ்கிரீம் வாங்கி வருவதற்குள் அது உருகிப்போனதால்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கெட்டுப்போகும் சரக்கை வைத்து வியாபாரம் செய்யும் நமக்கு அந்தக் கவலை நன்றாகவே புரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றில் பலவற்றில் இன்ஜினைப் பின்னால் உட்கார்ந்து கைப்பிடியாலேயே திருப்பி ஓட்டுகிறார்கள். அவற்றுக்கு நாம் சொல்லும் கேபிள் தேவைப்படாது. ஸ்டியரிங்கும் லீவரும் தள்ளி இருந்து, மோட்டார் பின்பலகையில் இருக்கும் படகுகளுக்குத்தான் இது வேண்டும். ஒரு மோட்டாருக்கு இரண்டு கேபிள்: ஒன்று கியருக்கு, மற்றொன்று ஆக்சிலேட்டருக்கு. பெரிய மோட்டார் நடுக்கடலில் நின்றுபோனால் கரை சேர்வதற்காகச் சிறிய துணை மோட்டார் ஒன்றையும் மாட்டியிருந்தால், அதற்கும் தனியே இரண்டு.

நம் கடைக்கு ஆபத்து வருவது இங்கேதான். அவசரத்துக்கு வருகிறவர், 'மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஒயர் இருந்தால் கொடுங்கள், சமாளித்துக்கொள்கிறேன்' என்று கேட்கலாம். கொடுக்கக் கூடாது. சைக்கிள் பிரேக் ஒயரும் கிளட்ச் ஒயரும் இழுக்க மட்டுமே தெரிந்தவை. திரும்புவதற்கு ஸ்பிரிங் வேண்டும். படகுக் கேபிள் இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். முன் கியருக்கு ஒரு பக்கம், பின் கியருக்கு மறுபக்கம். தள்ளும்போது மடங்கிவிடும் ஒயரைப் போட்டால், லீவர் நடுவில் இருக்கும், மோட்டாரோ கியரிலேயே நிற்கும். துறையில் படகு கட்டும் நேரத்தில், பக்கத்தில் ஆள் தண்ணீரில் நிற்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சில ரூபாய் லாபத்துக்காக அந்தப் பழியை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அடுத்தது அளவு. இந்தக் கேபிளைச் சுருளிலிருந்து வெட்டித் தர முடியாது. இரு முனையும் பொருத்தியே, அடிக்கணக்கில் வரும். வாடிக்கையாளர் படகின் நீளத்தைச் சொல்லி கேபிள் கேட்டால் நம்பி ஆர்டர் போடக் கூடாது. லீவர் பெட்டியிலிருந்து படகின் பக்க விளிம்பு வரை, விளிம்போடு பின்பலகை வரை, அங்கிருந்து குறுக்காக மோட்டார் வரை என, கேபிள் போகும் வழியிலேயே கயிறு பிடித்து அளந்து வரச் சொல்ல வேண்டும். அதோடு மோட்டார் இருபுறமும் திரும்பவும், முழுதாக மேலே தூக்கவும் தாராளமான ஒரு வளைவு விட வேண்டும். துணை மோட்டாருக்கு இது இன்னும் முக்கியம்; பெரும்பாலான நேரம் அது தண்ணீருக்கு மேல் தூக்கியபடியேதான் இருக்கும். குட்டையான கேபிள் தூக்கும்போது இறுகி, கியரைத் தானே இழுத்துவிடும். அதற்காக நாலைந்து அடி கூடுதலாக வாங்கிச் சுருட்டி வைப்பதும் தவறு. ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டி, லீவரைக் கனமாக்கும். சாதாரணமாகப் புழங்கும் ரகத்துக்கு, வளைவின் ஆரம் எட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு.

வழி விடுவதில் இன்னொரு சங்கதி. படகின் அடியில் தேங்கும் உப்புத் தண்ணீரில் கேபிள் கிடக்கக் கூடாது. பெரிய மோட்டார் திரும்பும்போது துணை மோட்டாரின் கேபிளை நசுக்காதபடி இரண்டுக்கும் இடம் பிரித்துவிட வேண்டும். கிளாம்பு போட்டுத் தாங்க வேண்டுமே தவிர, பெட்ரோல் குழாயோடும் பேட்டரி ஒயரோடும் சேர்த்து இறுக்கிக் கட்டக் கூடாது. எல்லாம் பொருத்தியபின், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், இரண்டு மோட்டாரையும் கோடிக்குக் கோடி திருப்பியும் தூக்கியும் பார்த்துவிட்டுத்தான் கடலில் இறக்க வேண்டும்.

லீவர் கனமாக இருக்கிறது என்று வருகிறவரிடம் உடனே புதுக் கேபிளை விற்றுவிட வேண்டாம். மோட்டார் பக்கத்து முனையைக் கழற்றிவிட்டு லீவரை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கோளாறு கேபிளில் அல்லது லீவர் பெட்டியில். லேசாகிவிட்டால் கோளாறு மோட்டாரில். உப்பு ஏறி உள்ளே துருப்பிடித்த கேபிளுக்கு எண்ணெய் வைத்தியம் பலிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

கொள்முதலைப் பற்றி நம் கருத்து: கேபிளை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். முனைப் பொருத்தம் எல்லா கம்பெனிக்கும் ஒன்றல்ல. யமஹாவுக்குப் பொருந்துவது மெர்க்குரிக்குப் பொருந்தாமல் போகலாம். அடியும் ரகமும் மாற மாற முதல் முடங்கிவிடும். மோட்டாரின் கம்பெனி, மாடல், கயிற்றளவு மூன்றையும் எழுதி வாங்கி, முன்பணம் பெற்று, பழைய கேபிளையும் கொண்டுவரச் சொல்லி ஒத்துப்பார்த்து வரவழையுங்கள். பில்லிலும் அந்த அளவையே குறியுங்கள். பின்னால் தகராறு வராது. கையிருப்பில் வைக்கத் தகுந்தவை துருப்பிடிக்காத கிளாம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, தண்ணீருக்குத் தாங்கும் கிரீஸ் ஆகியவைதான். அவை படகுக்குப் போகாவிட்டாலும் பம்புசெட்டுக்குப் போகும்.